எஞ்சின் விடும் மூச்சு



நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளின் அடியில் கறுத்த எண்ணெய்த் துளிகள் சிந்திக் கிடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைக் கண்டதும் வண்டிக்கு உரியவரின் முகம் வாடிவிடுகிறது. அருகில் நிற்பவர்கள் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். 'ரிங் தேய்ந்து போயிற்று; சிலிண்டரைப் போர் செய்தாக வேண்டும்' என்பார் ஒருவர். 'அந்தக் குழாய் வழியாகத்தானே ஒழுகுகிறது? ஒரு கட்டையை வைத்து அடைத்துவிடு' என்பார் மற்றொருவர். முன்னவர் சொல்லைக் கேட்டால் பல சமயங்களில் பணம் வீணாகும். பின்னவர் சொல்லைக் கேட்டால் எஞ்சினே பழுதாகும். அந்தக் குழாய் எதற்காக இருக்கிறது, அதன் வழியே எண்ணெய் ஏன் வருகிறது என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தவருக்கு இவ்விரு துன்பமும் இல்லை. அவ்விடையை இயன்ற அளவு எளிமையாகச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

எடுத்துக்காட்டாக நமக்கு நன்கு பழக்கமான ஓர் எஞ்சினையே வைத்துக்கொள்வோம். 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. அதன் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வெளிவந்த 350 புல்லட் வண்டியின் 'தட், தட்' என்னும் ஓசையைத் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். இரும்புச் சிலிண்டர் கொண்ட அந்தப் பழைய எஞ்சின் இன்று ஆலையில் செய்யப்படுவதில்லை. ஆயினும் அதனைப் பேணி ஓட்டுவோர் நம் ஊர்களில் இன்றும் பலர் உள்ளனர். ஒரே ஒரு பெரிய பிஸ்டன், அதன் கீழே இரண்டு கனத்த சக்கரங்கள் என்னும் எளிய அமைப்புடையதாதலால், பாடம் படிப்பதற்கு இதைவிடத் தக்க எஞ்சின் கிடைப்பது அரிது.

எஞ்சினின் உள்ளமைப்பைச் சற்று மனக்கண்ணால் காண்போம். மேலே சிலிண்டர், அதனுள் பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடுகிறது. பிஸ்டனுக்கு மேற்புறம் பெட்ரோல் கலவை எரிகிறது. பிஸ்டனுக்குக் கீழ்ப்புறம், கிராங்க் என்னும் அச்சும் அதன் சக்கரங்களும் சுழலுகின்ற மூடிய அறை ஒன்று இருக்கிறது. அதனைக் கிராங்க் கேஸ் என்பர். நாம் கிராங்க் அறை என்போம். பிஸ்டனின் மேல்முகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஏனெனில் வண்டியை ஓட்டும் ஆற்றல் அங்கேதான் பிறக்கிறது. அதன் அடிமுகத்தைப் பற்றிப் பேசுவார் அருமை. ஆனால் இன்று நாம் ஆராயும் செய்தி முழுவதும் அந்த அடிமுகத்தில்தான் அடங்கியிருக்கிறது.

பிஸ்டன் கீழே இறங்கும்போது மேற்புறத்தில் இடம் கூடுகிறது. கீழ்ப்புறத்தில் அதே அளவு இடம் குறைகிறது. அங்கே இருந்த காற்று என்ன செய்யும்? ஒன்று, நெருங்கிக் கொடுக்க வேண்டும். அல்லது வழி கண்டு வெளியேற வேண்டும். பிஸ்டன் மேலே ஏறும்போது இதற்கு நேர்மாறானது நிகழ்கிறது. அறையில் இடம் பெருகுகிறது. வெளிக்காற்று உள்ளே வர முயலுகிறது. ஊசி மருந்து போடும் சிரிஞ்சின் தண்டை அமுக்குவதும் இழுப்பதும் போன்றதே இது. ஆகவே பிஸ்டனின் மேல்முகம் எஞ்சினாக வேலை செய்யும்போது, அதன் அடிமுகம் காற்றடிக்கும் பம்பாக வேலை செய்கிறது. நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இந்தப் பம்பு நிற்பதில்லை.

இதன் வலிமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். இவற்றைக் கொண்டு பெருக்கினால் 346 கன சென்டிமீட்டர் வருகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர். எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்றுச் சுற்றும்போது பிஸ்டன் விநாடிக்கு 50 முறை கீழே இறங்குகிறது. 50 முறையும் 346 கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ளினால், விநாடிக்கு 17 லிட்டருக்கு மேல் ஆகிறது. நம் வீட்டுக் குடம் ஒன்று நிறையக் கொள்ளும் அளவு காற்றை ஒவ்வொரு விநாடியும் இந்தப் பிஸ்டனின் அடிமுகம் வெளியே தள்ளவும், அதே விநாடிக்குள் திரும்ப இழுக்கவும் முயலுகிறது.

வழியே இல்லாமல் அறையை மூடிவிட்டால் என்ன ஆகும்? பள்ளியில் படித்த பாயில் விதியை இங்கே நினைவு கூர்க. பிஸ்டன் மேலே நிற்கும்போது அறையில் ஒன்றரை லிட்டர் வெற்றிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிஸ்டன் கீழே வந்ததும் அது ஏறக்குறைய 1.15 லிட்டராகச் சுருங்கும். அழுத்தமோ நூற்றுக்கு முப்பது பங்கு கூடும். அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 300 கிராம் எடை உட்புறமிருந்து வெளிநோக்கித் தள்ளும். கிராங்க் அறையைக் காக்கும் ஆயில் சீல்களும் காகித கேஸ்கட்டுகளும் எண்ணெய் கசியாமல் தடுப்பதற்காக அமைந்தவை. விநாடிக்கு 50 முறை விழும் இத்தகைய அடியைத் தாங்குவதற்கு அமைந்தவை அல்ல. எனவே அறைக்கு ஒரு திறப்பு வேண்டியதாயிற்று. மெக்கானிக்குகள் அதனைப் பிரீதர் என்கின்றனர். மூச்சுக்குழாய் என்று நாம் தமிழில் சொல்லலாம்.

எல்லா எஞ்சின்களுக்கும் இத்தொல்லை இவ்வளவு இல்லை. கார்களில் உள்ள நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் ஏறும்போது மற்ற இரண்டும் இறங்குகின்றன. ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று நிரப்புவதால் அறையின் மொத்தக் கொள்ளளவு பெரும்பாலும் மாறுவதில்லை. இரண்டு பிஸ்டன்களும் சேர்ந்தே ஏறி இறங்கும் பழைய ஆங்கிலேய இரட்டைச் சிலிண்டர் வண்டிகளுக்கு ஒற்றைச் சிலிண்டரின் தொல்லை அப்படியே உண்டு. இன்னொரு வகையையும் இங்கே குறிப்பிட வேண்டும். முன்பு நம் சாலைகளில் ஓடிய ராஜ்தூத், யெஸ்தி போன்ற இரு வீச்சு எஞ்சின்களில் இந்தப் பம்பையே வேலைக்காரனாக்கி, பெட்ரோல் கலவையைக் கிராங்க் அறைக்குள் இழுத்துச் சிலிண்டருக்கு ஏற்றும்படி செய்திருந்தனர். அவற்றுக்கு மூச்சுக்குழாய் கிடையாது, இருக்கவும் கூடாது. நான்கு வீச்சு எஞ்சினுக்கோ இந்தப் பம்பினால் பயன் இல்லை. அதனை அடக்கி ஆளும் பொறுப்பு மட்டுமே உண்டு.

இதுவரை சொன்னது எஞ்சினின் மூச்சு. இனி இரண்டாவது செய்திக்கு வருவோம். அது கசிவு. மேற்புறத்தில் கலவை எரியும்போது எழும் அழுத்தம், நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப் போலப் பல பத்து மடங்கு. அதனைக் கீழே விடாமல் காப்பவை பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள். புல்லட்டின் பிஸ்டனில் அழுத்தம் காக்கும் ரிங்குகள் இரண்டும், சிலிண்டர்ச் சுவரில் மிகுந்துள்ள எண்ணெயை வழித்து இறக்கும் ஆயில் ரிங் ஒன்றும் உண்டு. ரிங் என்பது முழு வளையம் அன்று. விரிந்து சுருங்குவதற்காக ஓரிடத்தில் வெட்டப்பட்டது. அந்த வெட்டு வாயின் வழியாகவும் விளிம்புகளின் வழியாகவும் சிறிதளவு வாயு கீழே நழுவிவிடுகிறது. மெக்கானிக்குகள் இதனை ப்ளோ-பை என்பர். எவ்வளவு புதிய எஞ்சினானாலும் இது அறவே இல்லாமற் போவதில்லை. நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் உள்ளிழுக்கப்பட்ட கலவையில் நூற்றில் ஒரு பங்கு அளவோ, சற்று முன்பின்னாகவோ இருக்கலாம்.

அளவிற் சிறிதாயினும் இக்கசிவு குணத்தில் தீயது. எரிந்த புகையும் எரியாத பெட்ரோல் ஆவியும் அதில் கலந்துள்ளன. நீராவியும் மிகுதி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியே ஆவியாகப் போய்விடுகிறது; ஒரு சிறு பகுதி ரிங்குகளைக் கடந்து எண்ணெய்க்குள் வருகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அந்த நீர் மீண்டும் ஆவியாகி மூச்சுக்குழாய் வழியே வெளியேறிவிடும். கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாக இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திவிட்டால் வெளியேற நேரம் இல்லை. அது எண்ணெயோடு கடைபட்டு வெண்ணெய் போன்ற நுரையாக மூடியின் அடியில் படிகிறது. மழைக்காலத்திலும், உதகை, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களிலும் இதனை மிகுதியாகக் காணலாம். இந்த நீரும் புகையின் அமிலமும் சேர்ந்து பேரிங்குகளை அரிக்கும். ஆகவே மூச்சுக்குழாய்க்கு இரண்டு கடமைகள் உள்ளன. பம்பின் அழுத்தத்தைத் தணிப்பது ஒன்று. கெட்ட ஆவியை வெளியேற்றுவது மற்றொன்று.

இப்போது இரண்டு அளவுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். 3000 சுற்றில் எஞ்சின் விநாடிக்கு 25 முறை கலவையை உள்ளிழுக்கிறது. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் நிறைவதாகவே கொண்டாலும் அது ஒன்பது லிட்டருக்குள் அடங்கும். அதில் நூற்றில் ஒரு பங்கு என்றால், கசிவு விநாடிக்குப் பத்தில் ஒரு பங்கு லிட்டருக்கும் குறைவு. மூச்சோ 17 லிட்டர். குழாய் குறுகியதாதலால் அந்த 17 லிட்டரும் முழுமையாக வெளியே போய் வந்துவிடாது. ஒரு பகுதி உள்ளேயே அழுத்தமாக நின்றுவிடும் என்பது உண்மையே. அப்படிக் கழித்துப் பார்த்தாலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இது. சுழலும் சக்கரங்கள் எண்ணெயைச் சிதறடித்து அறை முழுவதும் பனிமூட்டம் போல நிரப்பி வைத்திருக்கின்றன. அந்த மூட்டத்தின் நடுவே காற்று வேகமாகப் போய்வந்தால், போகும்போதெல்லாம் எண்ணெய்த் திவலைகளையும் அள்ளிக்கொண்டு போகும். எனவே குழாயில் எண்ணெய் வந்தால் முதலில் ஐயுற வேண்டியது ரிங்குகளை அல்ல, மூச்சின் ஒழுங்கையே.

மூச்சை ஒழுங்கு செய்யும் வழி யாது? வெளியே போவதற்கு மட்டும் வழிவிட்டு, உள்ளே வருவதைத் தடுக்க வேண்டும். பிஸ்டன் இறங்கும்போது கதவு திறக்கட்டும், ஏறும்போது மூடிக்கொள்ளட்டும். இவ்வாறு ஒருவழிக் கதவு அமைத்துவிட்டால் வியக்கத்தக்க மாறுதல் ஒன்று நிகழ்கிறது. முதற் சில சுற்றுகளில் அறையிலிருந்த மிகுதிக் காற்று வெளியேறிவிடுகிறது. அதன்பின் திரும்ப வருவதற்கு வழி இல்லாதபடியால், தள்ளுவதற்கும் காற்று மிகுதி இல்லை. 17 லிட்டர் போக்குவரத்து நின்றுபோய், ரிங் வழியே புதிதாகக் கசியும் அந்தப் பத்தில் ஒரு பங்கு லிட்டருக்கும் குறைவான வாயு மட்டுமே வெளியேறுகிறது. மெல்லச் செல்லும் காற்றுக்கு எண்ணெயைச் சுமக்கும் வலிமை ஏது? மேலும் ஒரு நன்மை உண்டு. பிஸ்டன் கீழே இருக்கும்போது அறையின் அழுத்தம் வெளிக்காற்றுக்குச் சமமாகவும், மேலே ஏறும்போது அதைவிடக் குறைவாகவும் இருக்கிறது. உள்ளே அழுத்தம் குறைந்தால் வெளிக்காற்றே கேஸ்கட்டுகளை உள்நோக்கி அழுத்தி நிற்கும். இங்கும் அங்கும் வியர்த்துக்கொண்டிருந்த எஞ்சின், நல்ல கதவு அமைந்ததும் தானே உலர்ந்துவிடுவதன் காரணம் இதுதான்.

இந்தக் கதவைப் பொறியாளர்கள் பலவாறு அமைத்துள்ளனர். பழைய டிரையம்ப் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் காம் தண்டின் முனையிலே துளையிட்ட ஒரு வட்டத் தகடு சுழன்று, பிஸ்டன்கள் இறங்கும் வேளை பார்த்து வழி திறந்தது. ஹார்லி டேவிட்சன் வண்டிகளில் நெடுங்காலம் இவ்வேலையைப் பல்சக்கரம் போன்ற ஒரு சுழல் வால்வு செய்தது. புல்லட்டில் உள்ளதோ எல்லாவற்றிலும் எளியது. விரல் நீளமுள்ள ஒரு ரப்பர்த் துண்டு. அதன் நுனி வாத்தின் அலகு போல இரண்டு உதடுகளாகத் தட்டையாக இருக்கும். ஆதலால் அதற்கு டக்பில் என்று பெயர். உள்ளிருந்து காற்று தள்ளினால் உதடுகள் விரியும். வெளிக்காற்று தள்ளினால் ஒட்டிக்கொள்ளும். நம் இதயத்து வால்வுகள் செய்யும் தொழிலையே இதுவும் செய்கிறது.

எளிய பொருளாதலின் இதனை எவரும் மதிப்பதில்லை. ஆனால் ரப்பர், வெப்பத்திலும் எண்ணெயிலும் கிடந்து சில ஆண்டுகளில் இறுகிவிடும். உதடுகள் ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தால் உள்ளே அழுத்தம் மிகும். வெடித்துப் பிளந்து மூட மறுத்தால் பழைய போக்குவரத்து மீண்டும் தொடங்கிவிடும். அதோடு சாலைப் புழுதியும் எஞ்சினுக்குள் புகும். என்னிடம் பயின்ற ஒருவர், நாள்தோறும் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் ஓட்டுபவர், தம் புல்லட்டில் எண்ணெய் நிற்கவில்லை என்று ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். சிலிண்டரைப் போர் செய்து புதுப் பிஸ்டன் போட வேண்டும் என்றார்கள். இரண்டு மாத வருவாய் அதற்கே போய்விடும். பணம் சேரும் வரை இருக்கட்டும் என்று அங்கேயே மூச்சுக்குழாயில் ஒரு மரக்கட்டையை இறுக்கி அனுப்பிவைத்தார்கள். மூன்றாம் நாள் ஆயில் சீல் ஒன்று பிதுங்கி, எண்ணெய் ஒருபுறமாகக் கொட்டத் தொடங்கியது. கட்டையை எடுத்துவிட்டுப் பார்த்தபோது, கல்லைப் போல் இறுகி வாய் பிளந்த டக்பில்தான் தொல்லைக்கெல்லாம் மூலமாயிருந்தது. புது ரப்பரும் புதுச் சீலும் மாற்றியதோடு காரியம் முடிந்தது. அந்தப் பிஸ்டனையே வைத்துக்கொண்டு அவர் பிறகும் பால் சுமந்தார்.

ஆகவே கட்டை அடிப்பது எக்காலத்தும் ஆகாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அடைத்த அழுத்தம் எங்கே வலிமை குறைவோ அங்கே உடைத்துக்கொண்டு வரும். மூடியை இறுகத் திருகிய பிளாஸ்டிக் புட்டியில் குழாயைச் செருகிக் கட்டுவதும் கட்டை அடிப்பதற்கு ஒப்பானதே. குழாய் மடங்கிக் கிடப்பதும், குளவி கூடு கட்டி அடைத்துவிடுவதும் அதே விளைவைத் தரும்.

சரி, வெளிவரும் ஆவியையும் எஞ்சிய எண்ணெயையும் எங்கே கொண்டுபோய் விடுவது? பழங்காலத்தவர் இதற்குச் சிக்கனமான வழி ஒன்று கண்டனர். குழாயின் நுனியைப் பின்சங்கிலியின் மேல் நீட்டிவிட்டால், சங்கிலிக்கு எண்ணெய் இட்டதாயிற்று என்று கருதினர். சங்கிலிக்கு நல்லதுதான். ஆனால் சங்கிலிக்கு அருகிலேயே பின் டயர் சுழல்கிறது. அதன் மீது எண்ணெய் படிந்தால், வளைவில் சாயும்போது டயர் சாலையைப் பற்றாது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஓர் உயிருக்கு உலை வைத்துவிடலாம். எனவே உங்கள் வண்டியில் குழாயின் நுனி எங்கே இருக்கிறது என்பதை இன்றே பாருங்கள். டயரை நோக்கியிருந்தால் உடனே மாற்றுங்கள்.

சாலையின் நிலையும் கருதத்தக்கதே. முற்காலத்துக் கார்களில் கிராங்க் அறையின் ஆவியைச் சாலையை நோக்கித் தொங்கும் ஒரு குழாய் வழியே விட்டுவிடுவது வழக்கம். இத்தகைய வண்டிகளின் எண்ணெய் துளித்துளியாகச் சேர்ந்து சாலையின் நடுவே கரும்பட்டையாகப் படியும். கோடை முழுவதும் படிந்த எண்ணெய், முதல் மழையில் நீரோடு கலந்து சாலையை வழுக்கு நிலமாக்கும். காற்றுக்கும் கேடுதான். கட்டுப்பாடு இல்லாத காலத்தில், ஒரு கார் வெளிவிட்ட எரியாத பெட்ரோல் ஆவியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இந்தக் குழாய் வழியேதான் வந்தது என்று அமெரிக்காவில் கண்டனர். அதன் பயனாக 1961-இல் கலிபோர்னியாவிலும், 1963-இல் அந்நாடு முழுவதிலும் விற்கப்பட்ட புதுக் கார்களில், இவ்வாவியை எஞ்சினே மீண்டும் உள்ளிழுத்து எரித்துவிடும் அமைப்பு வந்தது. கார்களின் புகையைக் கட்டுப்படுத்துவதற்கு எடுத்த முதல் நடவடிக்கைகளில் ஒன்று இது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கு உட்பட்ட புது மோட்டார் சைக்கிள்களிலும் மூச்சுக்குழாய் ஏர் பில்டர்ப் பெட்டியோடு இணைந்தே வருகிறது.

பழைய வண்டி வைத்திருப்போர் இதனைப் பின்பற்ற விரும்பினால், நடுவே எண்ணெயைப் பிரிக்கும் ஒரு சிறு கலம் அவசியம். இல்லையேல் எண்ணெய் நேரே ஏர் பில்டருக்குள் சென்று காகிதத்தை நனைத்து அடைத்துவிடும். கலவை கெட்டு வண்டி கரும்புகை கக்கும். அரை லிட்டர் கொள்ளும் உலோகக் கலம் ஒன்று போதும். எஞ்சினிலிருந்து வரும் குழாய் கலத்தின் பக்கவாட்டில் நுழைய வேண்டும். பெட்டிக்குப் போகும் குழாய் மேற்புறத்திலிருந்து புறப்பட வேண்டும். அகன்ற இடத்துக்கு வந்ததும் காற்றின் வேகம் தணிகிறது. திவலைகள் சுவரில் மோதிக் கீழே இறங்குகின்றன. துருப்பிடிக்காத தடித்த கம்பிச் சுருளைச் சிறிது உள்ளே வைத்தால் பிரிவு இன்னும் நன்றாக நடைபெறும். குழாய்களின் உட்புற விட்டம் எஞ்சினில் உள்ள திறப்பைவிடக் குறையலாகாது. குழாய் எங்கும் தொங்கிப் பள்ளமாகிவிடக் கூடாது. பள்ளத்தில் நீர் தேங்கி அடைத்துக்கொள்ளும். ஒருவழிக் கதவு எஞ்சினுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நன்று. கலத்தில் சேர்வதை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். அதனை மீண்டும் எஞ்சினில் ஊற்றுவது சிக்கனம் ஆகாது. நீரும் அமிலமும் கலந்த எண்ணெய் அது.

இனி நோயறியும் முறையைச் சொல்லி முடிக்கிறேன். வரிசை முக்கியம். செலவில்லாத சோதனைகளை முதலிலும், செலவு வைப்பவற்றை இறுதியிலும் செய்தல் வேண்டும்.

முதலாவது, எண்ணெயின் அளவு. புல்லட்டில் எண்ணெய்த் தொட்டி தனியே இல்லாமல் கிராங்க் அறையோடு ஒரே வார்ப்பில் அமைந்திருக்கிறது. டிப் ஸ்டிக்கின் மேற்கோட்டைத் தாண்டி ஊற்றினால் மிகுதியை எஞ்சின் மூச்சுக்குழாய் வழியே எறிந்துவிடும். இரு கோடுகளுக்கும் நடுவே நின்றாலே போதுமானது. எண்ணெய் ஒழுகுகிறது என்று மேலும் மேலும் ஊற்றுவோர், ஒழுக்கைத் தாமே வளர்க்கின்றனர்.

இரண்டாவது, வண்டி நின்ற காலம். பல வாரங்கள் ஓட்டாமல் வைத்தால், தொட்டியிலுள்ள எண்ணெய் பம்பின் வழியே மெல்ல மெல்லக் கசிந்து சக்கரங்கள் உள்ள அறைக்குள் இறங்கிவிடும். அப்போது டிப் ஸ்டிக் வறண்டு காட்டும். அதைப் பார்த்துப் புது எண்ணெயை ஊற்றிவிட்டுக் கிளப்பினால், மிகுந்த எண்ணெய் குழாய் வழியே கொட்டும். ஆகவே கோட்டில் எண்ணெய் குறைவாகத் தெரிந்தாலும், முதலில் எஞ்சினைச் சற்று நேரம் மெதுவாக ஓடவிட்டு, பம்பு எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிய பிறகே அளவு பார்க்க வேண்டும்.

மூன்றாவது, குழாயும் கதவும். குழாயைக் கழற்றிக் கழுவி, அடைப்பில்லை என்று காண்க. டக்பில்லை நன்றாகக் கழுவித் துடைத்து, எஞ்சின் பக்கத்து வாயிலிருந்து ஊதினால் காற்று தடையின்றிப் போக வேண்டும்; உறிஞ்சினால் உதடுகள் ஒட்டிக்கொண்டு காற்று வராதிருக்க வேண்டும். ஐயம் தோன்றினால் புதிதாக மாற்றிவிடுங்கள். எஞ்சினில் இதைவிட மலிவான உறுப்புகள் சிலவே.

நான்காவது, இவை எல்லாம் சரியாக இருந்தும் எண்ணெய் நில்லாவிடில், அப்போது ரிங்கை ஐயுறுதல் முறை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். மெல்லிய ஆவி இயல்பு. புகை குப்குப்பென்று எழுந்தால் கசிவு மிகுதி. எஞ்சினை நிறுத்தி, கிக்கரைப் பிஸ்டனின் எதிர்ப்பு தோன்றும் இடம் வரை மெல்ல மிதித்து, அதன் மேல் உடல் எடையைத் தாங்கி நில்லுங்கள். நல்ல எஞ்சின் சில விநாடி தாங்கிப் பின் மெல்ல இறங்கும். தேய்ந்தது உடனே தாழ்ந்துவிடும். தாழ்ந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி எண்ணெயைச் சிலிண்டருக்குள் விட்டு, பிளக்கை மாட்டி மீண்டும் மிதித்துப் பாருங்கள். இப்போது எதிர்ப்புக் கூடினால், எண்ணெய் ரிங்கின் இடுக்கை நிரப்பியதால் கூடிற்று என்று கொண்டு, ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்தது எனத் துணியலாம். மாறுதல் இல்லையேல் வால்வுகளிலோ ஹெட் கேஸ்கட்டிலோ குறை உண்டு. சிலிண்டரைப் போர் செய்வதால் அது தீராது. புதிதாகப் போர் செய்த எஞ்சினில் முதற் சில நூறு கிலோமீட்டர் வரை, ரிங்குகள் சிலிண்டரோடு பொருந்தும் மட்டும், கசிவு சற்று மிகுந்திருப்பது இயல்பு என்பதையும் மறத்தலாகாது.

இந்த நான்கு சோதனைகளுக்கும் தேவைப்படும் கருவிகள் ஒரு ஸ்பானர், ஒரு பிளக் ரெஞ்சு, ஒரு துணி, ஒரு தேக்கரண்டி எண்ணெய், அரைமணி நேரம் ஆகியவையே. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கைதேர்ந்த மெக்கானிக்கின் அறிவுக்கு நாம் ஈடாக மாட்டோம். ஆனால், 'டக்பில் பார்த்தாயிற்று, அளவு சரியாக இருக்கிறது, எண்ணெய் விட்டு மிதித்ததில் எதிர்ப்புக் கூடிற்று' என்று சொல்லத் தெரிந்தவரிடம் நல்ல மெக்கானிக் மகிழ்ந்து பேசுவார். மற்றவர் ஏமாற்ற அஞ்சுவார்.

அடுத்த முறை உங்கள் வண்டியின் குழாய் நுனியில் ஒரு துளி எண்ணெயைக் கண்டால் கலங்க வேண்டாம். கட்டையையும் தேட வேண்டாம். அது டயரின் மீது விழாமல் பார்த்துக்கொண்டு, டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.